அம்மாவின் எண்ணெய்ப் பாட்டிலும் லண்டன் நர்ஸின் வெறும் தண்ணீரும்: பச்சைக் குழந்தையின் தோலுக்கு யார் சொல்வது சரி?

போன வருஷம் எனக்குத் திருச்சியிலும் என் தங்கைக்கு லண்டனிலும் ஆறு வார இடைவெளியில் குழந்தை பிறந்தது. எங்கள் அம்மா எனக்கு நாற்பது நாள் பார்த்துவிட்டு, இரண்டு பாட்டில் செக்குத் தேங்காய் எண்ணெயும் ஒரு கிலோ குளியல் மாவும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார். அங்கே ஹெல்த் விசிட்டர் என்று ஒரு நர்ஸ் வீடு தேடி வந்து குழந்தையைப் பார்ப்பார். அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: முதல் மாதம் வெறும் தண்ணீர் போதும், எண்ணெயும் மாவும் இப்போதைக்கு வேண்டாம்.

அன்று ராத்திரியே தங்கையின் வாய்ஸ் மெசேஜ். "அக்கா, உங்க டாக்டர் எண்ணெய் தேய்க்கலாம்னாரே, இந்தம்மா வேண்டாங்கிறாங்க. யார் பேச்சைக் கேக்குறது?"

எனக்கும் அப்போது தெரியவில்லை. அதற்கப்புறம் எங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டும், இரண்டு நாட்டு வழிகாட்டுதல்களையும் படித்தும், ராத்திரி பால் கொடுத்த நேரத்தில் எல்லாம் யோசித்தும் சேர்த்துவைத்ததுதான் இது.

முதலில், சண்டையே இல்லாத விஷயங்கள். பிறந்தவுடன் உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு போன்ற படலத்தைத் தேய்த்து எடுக்கக் கூடாது. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். முடியாத வீட்டில் 6 மணி நேரமாவது. இதில் உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் ஒரே குரல். குளியல் ஐந்திலிருந்து பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தொப்புள்கொடியில் விபூதி, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது, உலர்ந்து தானாக விழட்டும். பிரிவு இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

எந்த எண்ணெய்?

இந்தியன் அகாடமி 2021இல் குழந்தைகளின் தோல் பராமரிப்புக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் எண்ணெய் தேய்ப்பது நல்லது என்றே சொல்கிறார்கள். ஆனால் எல்லா எண்ணெயும் அல்ல. தேங்காய், சூரியகாந்தி, பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுக்கும் மினரல் ஆயில் இந்த மூன்றும் சரி. ஆலிவும் கடுகும் தோலின் காப்பு அடுக்கைக் கெடுக்கின்றன, வேண்டாம். கடுகெண்ணெய் வடக்கத்திப் பழக்கம், நமக்கு அது பிரச்சினையே இல்லை. ஆலிவ்தான் நம் வீடுகளில் நுழைந்திருக்கிறது. சீமந்தத்துக்கு வரும் பரிசுக் கூடையில் அழகான கண்ணாடிப் பாட்டிலில் கட்டாயம் ஒன்று இருக்கும். அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலிவ் ஏன் ஆகாது? அதில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம். அது தோலின் மேலடுக்கில் செங்கல்லுக்கு நடுவே பூசிய சாந்து போல இருக்கும் கொழுப்பைக் கலைத்துவிடுகிறது. சூரியகாந்தியில் அதிகம் இருப்பது லினோலிக் அமிலம், தோல் தன் சாந்தைத் தானே குழைக்கக் கேட்கும் பொருள். வங்கதேசத்தில் டாக்கா சிசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில் மருத்துவமனையில் தொற்றும் ரத்தத் தொற்றுகள் 41 விழுக்காடு குறைந்திருந்தன. பெரிய சமாச்சாரம்தான், ஆனால் அது 33 வாரம் நிறைவதற்குள் பிறந்த, தோலே முழுதாக உருவாகாத குழந்தைகளின் கணக்கு. நிறைமாதத்தில் மூன்று கிலோவுக்குப் பிறந்த குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்களே பல வருஷம் தோல் வறட்சிக்கு ஆலிவ் எண்ணெய் தடவச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மான்செஸ்டரில் 115 நிறைமாதக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒன்றுக்கு ஆலிவ், ஒன்றுக்குச் சூரியகாந்தி, ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று நான்கு வாரம் பார்த்தார்கள். எண்ணெய் தடவிய இரண்டு பிரிவிலும் தோலில் ஈரப்பதம் கூடியிருந்தது. ஆனால் அந்தக் கொழுப்பு அடுக்கு, ஒன்றும் தடவாத குழந்தைகளுக்கு அமைந்த அளவு ஒழுங்காக அமையவில்லை. சூரியகாந்திக்கும் அதே முடிவு. இந்தியாவில் நல்ல பெயர் வாங்கிய எண்ணெய்க்கு அங்கே சந்தேகம் வந்தது இப்படித்தான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மான்செஸ்டர் குழந்தைகளுக்குத் தடவிய எண்ணெய் தோலிலேயே தங்கியது. நம் வீட்டில் அப்படியா செய்கிறோம்? குளிப்பாட்டும் ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மாவு போட்டு வெந்நீரில் கழுவி எடுத்துவிடுகிறார். குளியலுக்கு முன் தேய்க்கும் எண்ணெய் மசாஜுக்கானது; கை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. குளியலுக்குப் பின் தடவுவது மாய்ஸ்சரைசர்; அது தோலில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். லண்டன் நர்ஸ் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார், அம்மா முதலாவதைச் செய்கிறார். இருவரும் 'எண்ணெய்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

சரி, கழுவிவிடப்போகும் எண்ணெய் என்றால் எது? என் ஓட்டு தேங்காய் எண்ணெய்க்கு. சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது, வாசனைப் பொருள் சேர்க்காமல் கிடைக்கும். மும்பையில் செய்து 2005இல் வெளிவந்த ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்கு மினரல் ஆயிலைவிடத் தேங்காய் எண்ணெய் தேய்த்தபோது எடை நன்றாகக் கூடியிருந்தது. கடையில் 'பேபி ஆயில்' என்று விற்பதில் பெரும்பாலானவை மினரல் ஆயிலும் வாசனையும்தான். மினரல் ஆயிலில் கெடுதல் இல்லை, யாருக்கும் ஒவ்வாமை வருவது அபூர்வம். அந்த வாசனைதான் எனக்கு உறுத்துகிறது. பாதாம் எண்ணெய்க்கு விலை தவிர வேறு விசேஷம் எனக்குத் தென்படவில்லை. தேங்காய் எண்ணெய்க்கு ஒரே ஒரு குறை, அதுவும் லண்டனில்தான். 24 டிகிரிக்குக் கீழே கல்லாக உறைந்துவிடுகிறது. தங்கை பாட்டிலை ரேடியேட்டர் மேல் வைத்து உருக்குகிறாளாம்.

எந்த எண்ணெயானாலும் மூக்கிலும் காதிலும் ஊற்றுவதை எந்த ஊர் மருத்துவரும் ஒத்துக்கொள்வதில்லை. சளி எடுக்கிறேன் என்று ஆயா மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகலாம். எங்கள் வீட்டு ஆயாவிடம் இதைச் சொன்ன அன்று அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார்.

மாவா, சோப்பா, தண்ணீரா?

பிறந்த குழந்தையின் தோல், அமிலமா காரமா என்று அளக்கும் பிஎச் கணக்கில் ஏறக்குறைய நடுநிலையில், அதாவது ஏழுக்கு அருகே இருக்கும். அடுத்த சில வாரங்களில் அது மெல்ல அமிலப் பக்கம், ஐந்தரைக்கு அருகே இறங்குகிறது. அந்த லேசான புளிப்புதான் கிருமிகளுக்கு வேலி. சாதாரண சோப்பின் பிஎச் ஒன்பது, பத்து. பெட்டியில் குழந்தைப் படம் போட்டிருந்தாலும் சோப்பு சோப்புதான். அதனால் இந்தியன் அகாடமி சொல்வது அமிலத்தன்மையோ நடுநிலையோ உள்ள திரவக் கிளென்சர். தோல் மருத்துவர்கள் 'சின்டெட்' என்று எழுதிக்கொடுக்கும் கட்டியும் இதே இனம்; பார்க்கச் சோப்பு மாதிரி இருக்கும், சோப்பு இல்லை.

பிரிட்டனில் இன்னும் கறார். அங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் 2006 வழிகாட்டுதல், குளியல் நீரில் எதையும் கலக்க வேண்டாம், லோஷன் வேண்டாம், தேவைப்பட்டால் மட்டும் வாசனையில்லாத மென்மையான சோப்பு என்றது. பிறகு அதே மான்செஸ்டரில் 307 குழந்தைகளில் ஒரு பேபி வாஷையும் வெறும் தண்ணீரையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த பேபி வாஷைத் தயாரித்த நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், வித்தியாசம் இல்லை என்றால் காசு கொடுத்து வாங்க அவசியமும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஆனால் வெறும் தண்ணீர் என்ற வழி எண்ணெய் தேய்க்காத குழந்தைக்குத்தான் சரிப்படும். தலையிலிருந்து கால்வரை எண்ணெய் பூசிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினால் பிசுக்கு போகாது. அதனால்தான் நம் வீட்டில் எண்ணெய்க்கு ஜோடியாக மாவு வந்தது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ் என்று வீட்டுக்கு வீடு ஒரு சேர்மானம். பாட்டி காலத்திலிருந்து போட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். எங்கள் மருத்துவர் மாவைத் திட்டவில்லை. விரலிடுக்கில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கே நறநறவென்று கேட்டது. மாவு எவ்வளவு நைஸாக அரைத்தாலும் மூன்று மாதத்துக்குள் இருக்கும் தோலுக்கு அது உப்புத்தாள்தான். கழுத்து மடிப்பில், தொடையிடுக்கில் தங்கிவிடும். டப்பாவில் ஈரக்கை பட்டால் பூஞ்சை வரும். இன்னொன்றும் உண்டு: உணவுப் பொருளை வெடித்த, கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புத் தோல் நோய்) வந்த தோலில் தேய்த்தால் பின்னால் அந்த உணவுக்கே ஒவ்வாமை வர வாய்ப்பு உண்டு என்று இப்போது நினைக்கிறார்கள். கடலை எண்ணெய், கடலை மாவு விஷயத்தில் நான் அதனால்தான் கூடுதலாகப் பயப்படுகிறேன்.

எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர், உப்பு நிறைந்த கடினநீர். சோப்பு நுரைக்காது, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். பிரிட்டனில் மூன்று மாதக் குழந்தைகளைப் பார்த்த ஒரு ஆய்வில் கடினநீர் வரும் பகுதிகளில் கரப்பான் கூடுதலாகவே இருந்தது. நம் ஊர் வழிகாட்டுதல்களில் தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகப் பேசியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். கடினநீரில் சோப்பு இரட்டைக் கெடுதல், அதன் பிசுக்கு தோலிலேயே உட்கார்ந்துவிடும். நான் தேர்ந்தெடுத்தது: எண்ணெய் தேய்க்கும் நாளில் மட்டும் வாசனையில்லாத சின்டெட், அதுவும் எண்ணெய் அதிகம் உள்ள இடத்தில், மற்ற நாளில் வெதுவெதுப்பான தண்ணீர். மாவுக்கு ஒரு வயது வரை விடுமுறை. அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

தினமும் கிரீம் தடவினால் கரப்பான் வராதா?

இதில் மருத்துவர்களே இரண்டு கட்சி. அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமா, கரப்பான் இருந்தால் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து மாய்ஸ்சரைசர் தடவுவது நல்லது என்ற நம்பிக்கை 2014இல் வந்த இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து பரவியது. இந்திய வழிகாட்டுதலிலும் அதன் சாயல் உண்டு. ஆனால் 2020இல் பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது. முதல் வருஷம் முழுக்கத் தினமும் தடவியவர்களில் இரண்டு வயதில் கரப்பான் 23 விழுக்காடு, தடவாதவர்களில் 25. கிட்டத்தட்ட ஒன்றுதான். தோல் தொற்று மட்டும் கிரீம் பக்கம் சற்று அதிகம். அதே வருஷம் நார்வே, ஸ்வீடன் ஆய்வும் தடுப்பாக எதையும் காட்டவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம், நிறைமாத ஆரோக்கியக் குழந்தைக்குத் தோல் நோயைத் தடுக்கவென்று தினமும் தடவ வேண்டாம் என்றே எழுதிவிட்டது. 2025இல் ஓர் அமெரிக்க ஆய்வு மறுபடி ஓரளவு பலன் இருப்பதாகச் சொல்லி விவாதத்தைத் திறந்துவைத்திருக்கிறது.

நான் வேண்டாம் கட்சி. ஆனால் கரப்பான் ஏற்கெனவே வந்துவிட்ட குழந்தைக்கு இது பொருந்தாது. அதற்கு மாய்ஸ்சரைசர்தான் மருந்தே, துடைத்தவுடன் ஈரம் காய்வதற்குள் தாராளமாகத் தடவ வேண்டும். 'மருத்துவர்கள் கிரீம் வேண்டாம் என்கிறார்கள்' என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் இந்தப் பாதி விட்டுப்போயிருக்கும்.

பவுடருக்கு நீண்ட ஒப்பீடே தேவையில்லை. இரண்டு ஊரிலும் வேண்டாம். தூள் மூச்சுக்குழலுக்குப் போகும், மடிப்பில் கட்டியாகும். டால்க் பேபி பவுடரை ஜான்சன் அண்ட் ஜான்சனே 2023இல் உலகம் முழுக்க நிறுத்திக்கொண்டது. சாம்பிராணிப் புகையும் அதே வரிசை. கண்மையில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, திருஷ்டிப் பொட்டைப் பாதத்தில் வைத்துக்கொள்ளலாம். டயப்பரா கோமணமா என்றால், பகலில் பருத்தித் துணி, வெளியில் போகும்போதும் ராத்திரியும் டயப்பர். எதுவானாலும் ஈரமானவுடன் மாற்ற வேண்டும். சிவந்தால் துத்தநாக ஆக்ஸைடு கிரீம். சீழ்க்கொப்புளம், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, காய்ச்சல், பால் குடிக்காமல் துவளுதல் இதில் எது வந்தாலும் எண்ணெயா கிரீமா என்று யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த மே மாதம் தங்கை குழந்தையோடு திருச்சிக்கு வந்தாள். ஹீட்டர் காற்றில் கன்னம் வெடித்த பிள்ளைக்கு லண்டனில் தடவிய கெட்டிக் களிம்பு டப்பா கைப்பையிலேயே இருந்தது. இங்கே கத்திரி வெயில். அதே களிம்பை அதே போலத் தடவினாள். மூன்றாம் நாள் கழுத்து, முதுகு முழுக்க வியர்க்குரு. களிம்பை நிறுத்தி, காற்றாட விட்டு, இரண்டு வேளை தண்ணீர் மட்டும் ஊற்றினோம். அம்மா எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். "இந்த வெயிலுக்கு அதுவும் வேண்டாம்மா, வியர்க்குரு அடங்கட்டும்" என்றேன். "அங்க அவங்க வேணாங்கிறாங்க, இங்க நீ வேணாங்கிறே" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைப் பேத்திக்குப் பதிலாகத் தன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டார்.