சிறுநீர் வேகப் பரிசோதனை: முட்ட முட்டக் காக்கவைத்து எடுத்த ரிப்போர்ட்டை நம்பிவிடாதீர்கள்

வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது புராஸ்டேட் தொல்லை இருந்து, யூரோஃப்ளோ (சிறுநீர் போகும் வேகத்தை மெஷினில் அளக்கும் பரிசோதனை) எடுத்து வரச் சொல்லியிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் அப்பாவுக்கு 68 வயது. ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கவைத்து, "முட்டிக்கொண்டு வந்தால் சொல்லுங்கள்" என்றார்கள். வந்தது, சொன்னோம். ஆனால் முதலில் வயிற்று ஸ்கேன், அதற்கும் வரிசை. அப்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்க்க உட்கார்ந்திருந்தார். கழிப்பறைக்குப் போகட்டுமா என்று கெஞ்சியவரிடம், "போனால் மறுபடியும் முதலிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று மிரட்டலாகவே பதில் வந்தது. புராஸ்டேட் வீங்கிய மனிதரை இப்படி அடக்கவைத்தால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அங்கே யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

கடைசியில் மெஷின் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாதியில் ஒருவர் தலையை நீட்டி, "ஆயிற்றா ஐயா?" என்கிறார். விட்டு விட்டு, சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது. உச்ச வேகம் விநாடிக்கு 8 மில்லி, போன பிறகும் சிறுநீர்ப்பையில் மிச்சம் 180 மில்லி என்று ரிப்போர்ட். "அடைப்புதான், ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும்" என்று அங்கேயே பயமுறுத்தியும் அனுப்பினார்கள்.

சிறுநீரக மருத்துவர் வேகத்தைப் பார்க்கவில்லை. போன அளவைத்தான் முதலில் பார்த்தார். 640 மில்லி! "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்று ஒதுக்கிவைத்துவிட்டார். சிறுநீர்ப்பை தசையால் ஆனது. அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் அதனால் சரியாகச் சுருங்க முடியாது. வேகம் குறையும், உள்ளே மிச்சமும் தங்கும். 150 மில்லிக்கும் குறைவாகப் போனாலும் இதே கதைதான்: வேகம் ஏறுவதற்குள் முடிந்துவிடும், ரிப்போர்ட்டில் குறைவாகவே தெரியும். வழக்கமாக வீட்டில் எந்த அளவு உணர்வு வந்ததும் எழுந்து போவோமோ, அப்போது எடுப்பதுதான் சரி.

மருத்துவரிடமே மறுபடி எடுத்தோம். அவசரம் இல்லை, கதவு சாத்தியிருந்தது. போனது 290 மில்லி, உச்ச வேகம் 14, மிச்சம் 40. இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார். வேகம் குறைந்தாலே புராஸ்டேட் அடைப்பு என்று முடிவு கட்டக் கூடாது, பையின் தசை பலவீனமாக இருந்தாலும் குறையும் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

பழைய சென்டரில் போய்க் கேட்டதற்கு, "மெஷின் காட்டியதைத்தான் கொடுத்தோம்" என்றார்கள். பணமும் திரும்பவில்லை. வயதானவரை வதைத்து எடுத்த ஓர் எண்ணைக் காட்டி ஆபரேஷன் பேச இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஸ்கேனும் ஃப்ளோவும் ஒரே நாளில் என்றால், ஸ்கேன் முடிந்ததும் அறை காலியாக இருக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். உணர்வு வந்ததும் உள்ளே விடச் சொல்லி வற்புறுத்துங்கள். ஏற்கெனவே எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால், மொத்தம் எத்தனை மில்லி போயிருக்கிறது என்று பாருங்கள். 150க்குக் கீழேயோ 500க்கு மேலேயோ இருந்தால், ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.