‘ஸ்லோ ஸ்பீடு’ ஸ்டிக்கரை நம்பி பெஞ்ச் கிரைண்டர் வாங்காதீர்கள்

உளி, இழைப்புளி பிளேடு, கடைசல் உளி இவற்றைச் சாணை பிடிக்க மலிவாக ஒரு பெஞ்ச் கிரைண்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 1440 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று விளம்பரம் செய்து, அதே எண்ணைப் பெட்டியிலும் மெஷினிலும் ஒட்டி, உள்ளே 2850 ஆர்.பி.எம். மோட்டாரை வைத்து எனக்கு விற்றிருக்கிறார்கள். கூடவே விரிசல் விட்ட கல் ஒன்றும் வந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது விற்றவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

மரவேலை செய்கிறவர்கள் வேகம் குறைந்த கிரைண்டரைத் தேடுவது சும்மா இல்லை. நம்மிடம் உள்ள பழைய உளிகளில் பெரும்பாலானவை ஹை கார்பன் ஸ்டீல். சாணையில் சூடேறும்போது அந்த இரும்பு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் நீலம். நீலம் ஏறிய இடத்தில் பதம் போய்விட்டது. மேலே தெரியும் நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், போன பதம் வராது. கட்டையில் நாலு தட்டு தட்டியதும் வாய் மடங்கும். கெட்ட பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ளிவிட்டுப் புதிதாக வாய் எடுப்பதைத் தவிர வழியில்லை. நல்ல உளியின் ஆயுளில் ஒரு பங்கு அப்படியே பொடியாகப் போகிறது.

8 அங்குலக் கல் 1440-ல் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 15 மீட்டர் ஓடும். 2850-ல் அது 30 மீட்டர். உளியை அதே அழுத்தத்தில் பிடித்தாலும் சூடு ஏறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். இதுபோன்ற சாதாரண இண்டக்ஷன் மோட்டாரின் வேகத்தை ஸ்விட்ச் வைத்தோ ஸ்டிக்கர் ஒட்டியோ குறைக்க முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 2 போல் (காந்த முனை) மோட்டார் 2850-ஐ ஒட்டித்தான் ஓடும், 4 போல் மோட்டார் 1440-ஐ ஒட்டி ஓடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 3450, 1725 என்று இருக்கும். அதே சக்திக்கு 4 போல் மோட்டார் பெரிதாகவும் கனமாகவும் இருக்கும், செய்யவும் செலவு அதிகம். ஏமாற்ற இடம் கிடைப்பது இந்த விலை வித்தியாசத்தில்தான்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கற்களைத் தட்டிப் பார்த்தேன். புதுக் கல்லாக இருந்தாலும் இதைச் செய்யாமல் யாரும் மெஷினை ஓட்டாதீர்கள். கல்லைக் கழற்றி, துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரப்பிடியால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்ட வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். சாம்பல் கல் ஒலித்தது. உளிக்காகவே தருவதாகச் சொன்ன வெள்ளைக் கல் ‘டொக்’ என்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளையிலிருந்து மெல்லிய விரிசல். அந்தக் கல்லின் லேபிளில் கிரிட் (துகளின் பருமன்) எண் இல்லை, அதிகபட்ச வேகமும் இல்லை. (கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடதுபக்க நட்டு இடதுமரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும்.)

விற்றவரைக் கூப்பிட்டேன். “லேசான கீறல்தான் சார், எல்லாக் கல்லிலயும் இருக்கும். மாட்டி ஓட்டுங்க, தேயத் தேயச் சரியாயிடும்” என்றார். விரிசல் விட்ட கல் தேய்ந்து சரியாகாது. சுற்றுகிற வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறும், அதுவும் கிரைண்டர் முன்னால் குனிந்து நிற்பவரின் முகத்துக்கு நேராக. இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லலாமா? பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. இதே வார்த்தையைக் கேட்டு, விவரம் தெரியாத ஒரு பையன் கண்ணாடிகூடப் போடாமல் மாட்டி ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விரிசல் கல்லை ஒதுக்கிவிட்டு, சாம்பல் கல்லை மட்டும் மாட்டி, ஓரமாக நின்று ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிட்டேன். அதன் கீச்சுக் குரலைக் கேட்டதுமே சந்தேகம் வந்தது. பழைய உளி ஒன்றை வைத்தேன், கண் மூடித் திறப்பதற்குள் ஓரம் நீலம். நியாயமாகச் சொன்னால் இது மட்டும் சாட்சி ஆகாது. கிரைண்டரோடு வரும் சாம்பல் கல் பெரும்பாலும் கெட்டியான கல், துகள் மழுங்கிப் பளபளத்துப் போனால் 1440-லும் உளியைக் கருக்கும். அதனால் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் சுற்றும் வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர் வாங்கி வந்து அளந்தேன். 2850-ஐத் தாண்டிக் காட்டியது. ‘ஸ்லோ ஸ்பீடு 1440’ ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால், அடியில் மெஷினோடு வந்த அசல் தகடு. அதில் 2850, அதற்குப் பக்கத்தில் ‘எஸ்2 30 நிமிடம்’. விளம்பரத்தில் ‘நாள் முழுக்க ஓட்டலாம்’ என்று இருந்தது. எஸ்2 30 என்றால் அரை மணி நேரம் ஓட்டலாம், பிறகு முழுக்க ஆறவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டத் தகுந்த மோட்டாரில் எஸ்1 என்று போட்டிருப்பார்கள்.

வேகத்தில் பொய் சொல்வது உளி கெடுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் இவ்வளவு வேகம்தான் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு, அது மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மெஷின் 1440 என்று நம்பி ஒருவர் அதற்கு ஏற்ற கல்லை வாங்கி மாட்டினால், சுவிட்சைப் போட்டதுமே அந்த வரம்பு மீறப்படலாம்.

தகட்டின் படத்தையும் டேக்கோமீட்டர் படத்தையும் அனுப்பினேன். “ஓட்டிப் பார்த்த மெஷினை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்” என்று பதில் வந்தது. ஓட்டாமல் வேகத்தை எப்படி அளப்பது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. எதிர்மறை விமர்சனம் போட்டதும், அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறோம் என்று தாங்களாகவே பேசினார்கள். மறுத்துவிட்டேன். நான் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதற்காக மலிவான கிரைண்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் கருத்தில், கையில் காசு குறைவு என்றால் ‘ஸ்லோ ஸ்பீடு’ என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பதைவிட, 2850 என்று நேர்மையாகத் தகட்டில் போட்டிருக்கும் 6 அங்குல மெஷினே மேல். கல் சிறியது என்பதால் விளிம்பு வேகம் நொடிக்கு 22 மீட்டர் அளவில்தான் வரும். அதோடு வந்த சாம்பல் கல்லில் ஒன்றை மாற்றி, நல்ல வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லைப் போடுங்கள். லேபிளில் டபிள்யூ.ஏ. 60 கே.வி. என்பது போல இருக்கும்: 60 என்பது கிரிட், கே என்பது கல்லின் கெட்டித்தன்மை, வி என்பது துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் விட்ரிஃபைடு (சூளையில் சுட்டு இறுக்கிய) பிணைப்பு. எழுத்து ஏ பக்கம் போகப் போக மிருது, இசட் பக்கம் போகப் போகக் கெட்டி. உளிக்கு ஹெச் முதல் கே வரை போதும். மிருதுவான கல்லில் மழுங்கிய துகள் தானாக உதிர்ந்து புதுத் துகள் வெளிவரும், அதனால் சூடு குறையும். கல்லின் முகத்தைச் சீவிச் சரிசெய்யும் டைமண்ட் டிரெஸ்ஸர் ஒன்றும் வேண்டும். கல்லின் முகத்தை அடிக்கடி புதுப்பித்து, லேசாகத் தொட்டு, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடித்தால் வேகமான மெஷினிலும் நீலம் ஏறாமல் தீட்டலாம். கடைசல் உளிகள் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) என்றால் இந்த அளவு பயம் தேவையில்லை, அந்த இரும்பு இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும்.

நேரில் வாங்குகிறவர்கள் பிளக்கைச் செருகும் முன் கல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பெரும்பாலும் கல்லை இறுக்கிப் பிடிக்கும் தகட்டு வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது ஷாஃப்ட்டே சரியில்லை. டிரெஸ்ஸரால் கல்லின் மேடுபள்ளத்தைச் சரிசெய்யலாம், பக்கவாட்டு ஆட்டம் அதில் போகாது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டைக் கல்லுக்கு 3 மில்லிமீட்டர் வரை நெருக்கி வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள், இடைவெளி அதிகமானால் உளி உள்ளே இழுபடும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஆர்டர் போடும் முன் மெஷினில் பதித்த அசல் தகட்டின் படத்தைக் கேளுங்கள். அதில் வேகம், போல் எண்ணிக்கை, எஸ்1 அல்லது எஸ்2 தெரிய வேண்டும். மழுப்பினால் வேறு கடை பாருங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதிலிருந்து கல்லைத் தட்டிப் பார்ப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள், சத்தம் பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.