எஞ்சினைப் பிரிக்கக் கையெழுத்துப் போடுவதற்கு முன்: கூட்டு வழக்கை யோசிக்கும் கார் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எஞ்சினில் தயாரிப்புக் குறை இருப்பதாக நம்பி, ஒரே மாடல் காரை வைத்திருக்கும் பலர் சேர்ந்து வழக்குத் தொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த விவகாரத்தில் நான் இரண்டு முறை ஏமாந்தேன்: முதலில் சர்வீஸ் சென்டரிடம், பிறகு வழக்கு நடத்தித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம். போன பணத்தைவிட, கையில் இருந்திருக்க வேண்டிய சாட்சியம் போனதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

2021 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் 11,40,000 ரூபாய்க்கு அந்தப் பெட்ரோல் காரை வாங்கினேன். மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. 20,000 கிலோமீட்டர் தாண்டியதிலிருந்து, இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஒழுகல்கூட இருக்காது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும், "எல்லாப் புது எஞ்சினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும் சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லி, ஒரு லிட்டர் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். நான் சொன்ன குறை ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்) ஏறியதே இல்லை. நான்கு ஜாப் கார்டுகளிலும் "பொதுப் பரிசோதனை செய்யப்பட்டது, குறை ஏதும் இல்லை" என்ற ஒரே வாசகம்தான் இருக்கிறது. அவற்றை நான் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்திட்டிருக்கிறேன்.

பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையங்களில் அடியில் உள்ளது, சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்பும் வேலையைச் செய்கிறது. அது கரி படிந்து ஒட்டிக்கொண்டாலோ, அதன் இறுக்கம் போதாமல் போனாலோ, வழிக்கப்படாத ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்த பிறகே எரிகிறது என்பதையும், அதற்குள் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கியிருக்கும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

2024 மார்ச்சில், சேலத்திலிருந்து திரும்பி வரும்போது, பெருந்துறைக்கு அருகே இரவு பத்து மணிக்கு அந்த விளக்கு எரிந்தது. கடகடவென்ற சத்தம் கேட்டு நான் ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்த நெடுஞ்சாலையில், எழுபத்திரண்டு வயதான என் அம்மாவைக் கைப்பிடித்து இறக்கி ஓரத்துக்குக் கொண்டுபோன அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை.

வண்டி 61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, வாரண்டியும் முடியவில்லை. ஆனால் மூன்று நாள் கழித்து வந்த பதில், "ஆயில் அளவை உரிமையாளர் பராமரிக்கவில்லை, எனவே வாரண்டி பொருந்தாது" என்பது. மதிப்பீடு 2,86,000 ரூபாய். நான் சத்தம் போட்ட பிறகு, நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைக் கம்பெனி ஏற்கும் என்று சொல்லி, ஒரு கடிதத்தை நீட்டினார்கள். குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது, இது தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. பள்ளி திறக்கும் மாதத்துக்குள் வண்டி வேண்டுமே என்ற அவசரத்தில் கையெழுத்திட்டேன். பழைய எஞ்சினைக் கேட்டபோது, பாகங்கள் எல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன என்றார்கள். என் எஞ்சினை யார் பிரித்தார்கள், உள்ளே என்ன பார்த்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

அதன் பிறகுதான் இதே குறையோடு இருந்த மற்றவர்களைக் கண்டுபிடித்து, முப்பத்தேழு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். குழுவை ஒருங்கிணைத்தவர் வழக்குரைஞர் அல்லர். வழக்குரைஞர்களைத் தெரியும் என்றவர். அமெரிக்காவில் நடப்பதைப்போல இங்கேயும் கூட்டு வழக்குப் போட்டு ஆளுக்கொரு புது வண்டி வாங்கித் தருவதாகச் சொல்லி, நீதிமன்றக் கட்டணம் என்று ஒவ்வொருவரிடமும் 5,000 ரூபாய் வாங்கினார். எட்டு மாதம் கழிந்தும் எந்த மனுவும் தாக்கலாகவில்லை, இப்போது அவர் போனை எடுப்பதும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார் செய்வதற்கு, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது என்பதும், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் 400 ரூபாய்தான் என்பதும் எங்களில் ஒருவருக்குமே அன்று தெரிந்திருக்கவில்லை.

அமெரிக்க உதாரணத்தையும் அவர் அரைகுறையாகத்தான் சொன்னார். அதிக ஆயில் எரித்த எஞ்சின்களுக்காகச் சுபாரு நிறுவனத்தின் மீது நியூ ஜெர்சியில் நடந்த கூட்டு வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தபோது, உரிமையாளர்களுக்குக் கிடைத்தது புது வண்டி அன்று. எஞ்சினுக்கான வாரண்டி 5 ஆண்டு, 60,000 மைல் என்பதிலிருந்து 8 ஆண்டு, 1,00,000 மைலாக நீட்டிக்கப்பட்டதும், ஏற்கெனவே செய்த செலவை ரசீது காட்டித் திரும்பப் பெறும் வாய்ப்பும்தான். ஹூண்டாய், கியா கார்களின் தீட்டா என்ற எஞ்சின் வகை தொடர்பான அமெரிக்க வழக்குச் சமரசத்திலும், கடும் பராமரிப்பு அலட்சியம் என்ற காரணத்தைக் காட்டி ஒருவரின் கோரிக்கையை மறுக்க இடம் இருந்தது. அங்கேயும் காகிதம் வைத்திருந்தவரின் கைதான் ஓங்கியது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35(1)(இ) பிரிவின்படி, ஒரே நலன் கொண்ட பல நுகர்வோருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு புகார் தரலாம். "ஒரே நலன்" என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. பெங்களூரு பிரிகேட் குடியிருப்பு தொடர்பாக 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கார் வைத்திருப்பவர்களுக்கும் முக்கியமானது. 1,134 வீடுகள் கொண்ட திட்டத்தில் 51 வீடுகளை வாங்கியவர்கள், எல்லோருக்காகவும் வழக்காடுவதாக மனுச் செய்தார்கள்; மற்றவர்களுக்கும் அதே நலன்தான் என்பதை மனுவில் போதிய அளவு காட்டவில்லை என்று கூறி நீதிமன்றம் அந்த அனுமதியை ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் தங்களுக்காக மட்டும் சேர்ந்து கூட்டுப் புகாராக நடத்துவதை அது தடுக்கவில்லை.

இந்த அளவுகோலை எங்கள் முப்பத்தேழு பேருக்கும் வைத்துப் பார்த்த வழக்குரைஞர் ஒருவர் (இவர் உண்மையான வழக்குரைஞர்), ஒரு மாலைப் பொழுதிலேயே எங்களைப் பிரித்துவிட்டார். ஐவர் வாடகைக்கு ஓட்ட வாங்கியவர்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தாமே ஓட்டுகிறார்கள் என்பதை நிறுவாவிட்டால், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்லர் என்ற வாதம் வரும். நான்கு பேர் பழைய வண்டியாக வாங்கியவர்கள். பதினொரு பேர் என்னைப்போலவே "இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கொடுத்தவர்கள். சிலருக்குக் குறை தெரிந்த நாளிலிருந்து அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு தரும் இரண்டு ஆண்டுக் கெடு கடந்துவிட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் ஒருங்கிணைப்பாளரை நம்பிக் காத்திருந்தோம் என்பதை அது ஏற்குமா என்பது வேறு கேள்வி. ஒருங்கிணைப்பாளர் வீணாக்கிய எட்டு மாதங்களை நினைக்கும்போது எனக்கு 5,000 ரூபாயைவிட அதுதான் வலிக்கிறது.

புது வண்டி என்ற ஆசையையும் அந்த வழக்குரைஞர் அன்றே தெளிவாக்கினார். 2006இல் மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில், வாரண்டியின்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழு வண்டியையும் மாற்றித் தருவது அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் ஃபியட் இந்தியா தொடர்பான வழக்கில், எஞ்சினை மாற்றித் தருவதோடு, சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் உள்ளார்ந்த தயாரிப்புக் குறை இருப்பதாகக் கண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஆகவே வல்லுநர் பார்ப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, பொருளைப் பரிசோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களில் அறிக்கை பெற வழி செய்கிறது. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். என் எஞ்சின் எங்கோ இரும்புக் கிடங்கில் கிடக்கும்போது எதை அனுப்புவது?

உங்கள் வண்டி இப்போது சர்வீஸ் சென்டரில் நிற்கிறது என்றால், உங்கள் முன்னிலையில் அன்றிப் பிரிக்கக் கூடாது என்று இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். நீங்கள் சொன்ன குறை, நீங்கள் சொன்ன சொற்களிலேயே ஜாப் கார்டில் ஏறாமல் கையெழுத்திடாதீர்கள். ஆயில் ஊற்றிய ஒவ்வொரு ரசீதையும், டிப்ஸ்டிக்கின் படத்தையும், அன்றைய கிலோமீட்டரோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது எஞ்சின் நிற்பது உயிருக்கு ஆபத்தான குறை என்பதால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி அந்த வண்டிகளைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற வேண்டும் என்று அரசு உத்தரவிட வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்கள் புகாரைப் பதிவு செய்வது அதை நகர்த்தும் வழிகளில் ஒன்று. வழக்கில் சேரத் தகுதி இல்லாதவர்கள்கூட இதைச் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களில் பதினான்கு பேர் இப்போது கூட்டுப் புகாருக்குத் தயாராகி வருகிறோம். அந்தப் பதினான்கில் எஞ்சின் திறக்கப்படாமல் இருக்கும் வண்டி ஒன்றே ஒன்றுதான். பவானியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், சர்வீஸ் சென்டர் நீட்டிய கடிதத்தில் கையெழுத்திட மறுத்து, வண்டியைக் கட்டி இழுத்து வந்து தன் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார். ஆய்வகக் கட்டணத்தை எல்லோரும் பங்கிட்டுக் கட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஒன்றரை ஆண்டாக அவர் பேருந்தில்தான் பள்ளிக்குப் போய்வருகிறார்.