மலையில் பச்சிளங் குழந்தையைக் காப்பாற்ற எதற்கு முதலில் பணம்?

2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இந்திய அளவில் 28. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் குடியிருப்புகளின் நிலை இந்தச் சராசரியில் தெரியாது. கையில் இருப்பதோ கொஞ்சப் பணம். ஆம்புலன்ஸ் வண்டிக்கா, பிரசவத்துக்கு முன் தங்கும் காத்திருப்பு அறைக்கா, பயிற்சி கொடுத்த ஊர்ப் பெண்ணுக்கா?

வண்டி என்றால் எல்லோருக்கும் ஆசை. 2008 முதல் ஓடும் 108 காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் அது ரோடு இருக்கும் வரைதான் வரும். வெள்ளகவி மலைக்கிராமத்தில் பல தலைமுறையாக டோலியில் தூக்கித்தான் வந்தார்கள். ரோடு உள்ள மன்னவனூரிலிருந்தும் கொடைக்கானல் வந்து, அங்கே முடியாவிட்டால் மலை இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். மூச்சு விடாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் நிமிஷத்திலேயே உதவி வேண்டுமே.

பிரசவ தேதிக்கு முன்பே தாயை ஆஸ்பத்திரி பக்கத்துக் காத்திருப்பு அறையில் தங்க வைப்பது அடுத்த வழி. கியூபா 1962-லேயே இதைத் தொடங்கியது. காகிதத்தில் இதுதான் ஜெயிக்கும். ஆனால் இந்த மலையின் பழங்குடியினரான பளியர் குடியிலிருந்து ஒரு பெண் வந்து தங்கினால் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? துணைக்கு வருபவரின் கூலி? கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இதற்கு ஒதுக்காவிட்டால் அறை பூட்டித்தான் கிடக்கும்.

மூன்றாவது, ஊர்ப் பெண்ணுக்கே பயிற்சி. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி செய்தது இது. 1999-இல் வெளியான ஆய்வின்படி, மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தை இறப்பு (பிறந்த முதல் 28 நாளுக்குள்) இந்தத் திட்டம் இல்லாத ஊர்களோடு ஒப்பிட 62 விழுக்காடு குறைந்தது. கிருமித்தொற்றுக்கு அந்தப் பெண்களே ஊசியும் போட்டார்கள்.

கொடைக்கானல் குளிரில் இதற்கு மதிப்பு இன்னும் அதிகம். குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிறு வெதுவெதுப்பாக, பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் சூடு குறைய ஆரம்பித்துவிட்டது; இரண்டும் சில்லென்றால் ஆபத்து. உடனே அம்மாவின் வெறும் மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லா, மேலே கம்பளி. பிறந்த அன்றே குளிப்பாட்டவும் கூடாது. இதை வெளியூர் நர்ஸ் சொன்னால் மாமியார் தலையாட்டிவிட்டு வெந்நீர் வைப்பார். பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கேட்பார்.

சரி, வயிற்றுக்குள் குழந்தை குறுக்கே கிடந்தால் அக்கா என்ன செய்வார்? அதற்கு ஆஸ்பத்திரிதான். ஆகவே என் வரிசை: முதலில் அக்காவுக்கு மாதச் சம்பளம், வெறும் ஊக்கத்தொகை அல்ல. அடுத்து காத்திருப்பு அறைக்குத் துணையாக வருபவரின் கூலியும் சாப்பாடும். மிச்சமிருந்தால் வண்டி. இருக்கிற 108-ஐ நிறுத்தச் சொல்லவில்லை. இனி வாங்கப்போகும் வண்டிக்கான பணத்தைப் பற்றித்தான் பேச்சு.