பழைய சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

பழைய வீட்டைச் சொந்தக் கையால் பழுது பார்க்க இறங்கினால், முதலில் கண்ணை உறுத்துவது சுவரின் அடிப்பகுதிதான். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் கலவையை அப்பினால் ஒரே நாளில் வேலை முடியும். நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு மழைக்காலம் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாவதில் நான் பூசிய இடம் கல் மாதிரி அப்படியே இருக்க, அதற்கு ஒரு சாண் மேலே புதிதாக ஈரக்கறை படர்ந்தது.

காரணம் எளிது. இத்தகைய சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். அதற்குப் பிறகும் வெகுகாலம் சுண்ணாம்புதான் ஓடியது. அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லாததால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் வழி தேடி மேலே போகிறது; அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைச் சுவரிலிருந்து நெம்புகிறது. தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்பது அந்த இடம்தான்.

சிமெண்ட் வலுவானது என்பதைப் பலரும் அதன் பெருமையாகச் சொல்கிறார்கள். பழைய சுவரில் அதுவே தொல்லை. பழைய செங்கல் மென்மையானது, வெயிலுக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது, விரிசல் விடும். பின்னாளில் பெயர்க்க நினைத்தால் செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

வேலை செய்யும் சுகத்தில் எது மேல்? இங்கே பலரும் நினைப்பதற்கு நேர்மாறாகவே எனக்குப் பட்டது. சிமெண்டைக் கலந்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். கரணை பிடித்துப் பழகாத கைக்கு அது போதாது. நீற்றிய சுண்ணாம்புச் சாந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்த கலவையோ, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மறுநாளும் பதமாக இருக்கும். கோணலாகப் போனால் வழித்துவிட்டுத் திரும்பப் பூசலாம். மிஞ்சிய சாந்தைத் தண்ணீருக்கு அடியில் வைத்தால் நாளாக ஆக மெருகேறும். சிமெண்ட் மூட்டை மூன்று மாதத்திலேயே வலு இழக்கத் தொடங்கிவிடும்.

சுண்ணாம்பின் சோதனை பூசிய பிறகுதான் ஆரம்பம். அது உலர்ந்து இறுகுவதில்லை; காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித் திரும்பக் கல்லாகிறது, அதுவும் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். ஒரு படைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், முந்தைய படை ஓரளவு இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். வெயிலும் காற்றும் நேராகப் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து வர வேண்டும். அவசரப்பட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றும் வேலையும் வேண்டாம், அது கொதித்துத் தெறிக்கும். நீற்றிய சாந்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு நடுவழி, தண்ணீர் பட்டே இறுகத் தொடங்கும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு. என்.எச்.எல் (இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 2, 3.5, 5 என்று மூன்று தரம்; எண் கூடக் கூட வலுவும் இறுக்கமும் கூடும். மென்மையான உள்சுவருக்கு 2 அல்லது 3.5 போதும். சுண்ணாம்பில் ஒரு பிடி சிமெண்ட் சேர்ப்பதை நான் நடுவழியாக எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்சமாகச் சேர்த்தால் கலவை வலுவாகாமல் தளர்ந்துபோகும், நிறையச் சேர்த்தால் அது சிமெண்ட்தான்.

ஜிப்சம் பூச்சு வழவழப்பாக, வேகமாக வரும். காய்ந்த மாடிச் சுவருக்கு நல்லது. ஓதம் ஏறும் சுவரில் ஊறி இளகிவிடும், அங்கே நினைக்கவே வேண்டாம்.

சிமெண்டை அடியோடு ஒதுக்கவும் இல்லை நான். சிமெண்ட் கலவையாலேயே கட்டிய பிற்காலச் சுவர், பின்னாளில் ஒட்டிக் கட்டிய குளியலறை, இங்கெல்லாம் அதுவே சரி. எது எந்தச் சுவர் என்று தெரிய, செங்கல் இணைப்பை ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பொடிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணிக்கு மசியாமல் நின்றால் சிமெண்ட்.

எதைப் பூசுவதற்கு முன்னும் வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள். உடைந்த மழைநீர்க் குழாயோ, சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்மேடோ இருந்தால் அதைச் சரிசெய்து சில மாதம் சுவரை உலர விடுங்கள். கடைசியில் பெயின்ட்: சுண்ணாம்புப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் செய்த அதே அடைப்பை அது செய்துவிடும். வெள்ளைச் சுண்ணாம்பைப் பால்போல் கரைத்து நான்கைந்து தடவை அடியுங்கள். தோளில் உரசினால் கொஞ்சம் ஒட்டும், என் சட்டைகளெல்லாம் சாட்சி.