நீல டிக்கா, படத் தேடலா, வீடியோ காலா?

டேட்டிங் ஆப்பில் அறிமுகமான ஒருவருடன் மூன்று வாரம் பேசியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கலாமா என்று கேட்கிறார். போவதற்கு முன், ஆள் அவர்தானா என்று பார்க்கக் கையில் இருப்பவை மூன்று.

முதலில் நீல டிக். டேட்டிங் ஆப்களான பம்பிள் 2016-லும் டிண்டர் 2020-லும் கொண்டுவந்த செல்ஃபி சோதனை இது. இப்போது எடுத்த செல்ஃபியும் புரொஃபைல் படமும் ஒரே முகமா என்று மட்டும் பார்க்கும். கல்யாணம் ஆனவரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. டிக் இல்லாதவரைச் சந்தேகிக்கலாம். டிக் இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது.

அடுத்து படத் தேடல். கூகுளிலோ, படத்தை வைத்துத் தேடும் டின்ஐ (TinEye) தளத்திலோ படத்தைப் போட்டால் இரண்டு நிமிட வேலை, காசு கிடையாது. யாரோ ஒரு மாடலின் படத்தைத் திருடியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். ஆனால் ஏஐ வரைந்த முகம் வேறெங்கும் இருக்காது, தேடினாலும் சிக்காது. பூட்டிய கணக்கிலிருந்து சுட்ட படமும் அப்படித்தான். ஆகவே ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்பதை ‘ஆள் சுத்தம்’ என்று படித்துவிடாதீர்கள்.

என் ஓட்டு வீடியோ காலுக்கு, கொஞ்சம் தயக்கத்தோடு. தயக்கத்துக்குக் காரணம் ஹாங்காங். டீப்ஃபேக் முகத்தோடு, அதாவது ஏஐ மாட்டிவிடும் போலி முகத்தோடு, வீடியோ காலிலும் பேசி, காதல் வலை வீசி, சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர் சுருட்டியதாக 2024 அக்டோபரில் அங்கே 27 பேர் கைதானார்கள். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்வது, பக்கவாட்டில் திரும்பச் சொல்வது போன்ற பழைய வித்தைகளை இனி முழுதாக நம்ப முடியாது. இருந்தாலும் வீடியோ காலில் எனக்குப் பிடித்தது, எடுக்க மறுப்பவர் தானாகவே மாட்டிக்கொள்வதுதான். கேமரா ஒருமுறை கெடலாம். மூன்று வாரமாகவா கெட்டுக்கிடக்கும்?

மூன்றுமே முகத்தைத்தான் சோதிக்கின்றன. முகம் நிஜமாக இருந்து, நோக்கம் மட்டும் வேறாக இருந்தால் மூன்றும் தோற்கும். நேரில் பார்ப்பதற்கு முன்பே கிரிப்டோ, முதலீடு, அவசரக் கடன் என்று பேச்சு திரும்பினால் எந்தச் சோதனையும் தேவையில்லை, பிளாக் செய்யுங்கள்.

சந்திக்கும் நாளுக்கு இன்னொரு போட்டி: லைவ் லொகேஷனா, தோழியின் போன் காலா? வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு இருக்கிறது. எடுப்பதானால் 8 மணி. ஆனால் வரைபடத்தில் நிற்கும் புள்ளி, நீங்கள் எங்கே என்று சொல்லுமே தவிர எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லாது. சார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. ஐபோனில் 2023-இல் வந்த ‘செக் இன்’ ஒருபடி மேல்: சொன்ன நேரத்துக்குள் வீடு சேராவிட்டால் அதுவே தகவல் அனுப்பும். இரண்டு பக்கமும் ஐபோன் வேண்டும் என்பதுதான் குறை.

என்னைக் கேட்டால், ஒன்பது மணிக்குக் கூப்பிடும் தோழிக்கு ஈடாக எந்த ஆப்பும் இல்லை. “பூனைக்குச் சோறு வெச்சியா?” என்று நான் கேட்டால் அவள் உடனே கிளம்பி வரவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அவளிடம் பூனையே கிடையாது.

போக்குவரத்தில் அலச ஒன்றுமில்லை. “வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றால், வேண்டாம். போவதும் வருவதும் உங்கள் வண்டியில், அல்லது நீங்களே பிடித்த வண்டியில்.