நீண்ட பேக்பேக்கிங் பயணம்: பெரிய பணம் போவது பாங்காக்கில் இல்லை, காட்பாடி தாண்டும் முன்பே

ஆறேழு மாதம் முதுகில் பையோடு பத்துப் பன்னிரண்டு நாடு சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறவர்களிடம் எங்கே ஏமாந்தீர்கள் என்று கேட்டால், முதலில் வருவது பாங்காக் டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) கதைதான். "அரண்மனை இன்று மூடல்" என்று ஒருவர் சொல்வார், நாற்பது பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் ஊர் சுற்றிக் காட்டுவதாகக் கூட்டிப் போய் ரத்தினக்கல் கடையில் இறக்கிவிடுவார். அரண்மனையில் பொதுவாகக் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள், விலை 500 பாட். வாசல் வரை நடந்து போய்ப் பார்த்தால் இந்த ஏமாற்று அங்கேயே முடிந்தது.

செலவுக் கணக்கை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வேலூரிலேயே, கிளம்பும் முன்பே, டீ கொடுத்து உட்கார வைத்த ஒரு முகவரின் மேசையில். இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த மேசையைப் பற்றியது.

நடப்பது இப்படித்தான். விசா, டிக்கெட், இன்சூரன்ஸ், டாலர் எல்லாம் சேர்த்து "ஃபுல் பேக்கேஜ்" என்று ஒரே தொகையைத் துண்டுத்தாளில் எழுதித் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பில் கேட்டால் "கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்" என்பார்கள். தனி பில் இல்லாவிட்டால் எதற்கு எவ்வளவு போனது என்பதை எந்த அதிகாரியிடமும் நிரூபிக்க முடியாது. அதற்காகத்தான் தருவதில்லை.

வியட்நாம் இ-விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுத் தளத்தில் ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 90 நாள் வரை கிடைக்கும். 2023 ஆகஸ்ட் முதல் இதுதான் விதி. பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் இதற்கே மூன்று நான்கு மடங்கு வாங்குகின்றன. முகவரும் பல சமயம் அதே தளத்தில்தான் போடுகிறார், மேலே தன் கமிஷனையும் வைக்கிறார். வியட்நாம் தளமென்றால் இணைய முகவரியின் கடைசியில் 'ஜி.ஓ.வி' என்ற எழுத்துகளும் அதன் பின் நாட்டின் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

காசை விட மோசம், விண்ணப்பத்தில் வரும் பிழை. எந்த விமான நிலையம் அல்லது எல்லைச் சாவடி வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதையும் அதில் குறிக்க வேண்டும். முகவர் வழக்கம்போல ஹனோய் விமான நிலையத்தை டிக் செய்துவிடுவார். நீங்கள் லாவோஸிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால் எல்லையில் சிக்கல். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டிய பணம் திரும்பாது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். நம்மில் பலரின் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலி. முகவர் டிக்கெட்டில் இனிஷியலைச் சர்நேமாக்குவார், விசாவில் அப்பா பெயரைப் போடுவார், இன்சூரன்ஸில் வேறொன்று. மூன்று காகிதத்தில் மூன்று பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தியது. துபாய் வழியாகப் போய் அங்கே நான்கு நாள் தங்க நினைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். நீண்ட பயணம் என்றால் எதையும் புக் செய்யும் முன் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, சர்நேமைப் பிரித்து, அதோடு 60 பக்கப் புத்தகமாகவும் கேட்டுவிடுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. வேலூர் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே முடிகிற வேலை. இதற்கு ஐயாயிரம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

அடுத்தது டிக்கெட். பல நாடுகள் உள்ளே விடும்போது, வெளியே போகிற டிக்கெட் எங்கே என்று கேட்கும். முகவர் ஒரு பிடிஎஃப் தருவார். அதில் ஆறெழுத்து பிஎன்ஆர் இருக்கும், விமானத்தின் பெயர் இருக்கும், பார்க்க டிக்கெட்தான். உண்மையில் அது பணம் கட்டாமல் பிடித்து வைத்த இடம். ஓரிரு நாளில் தானாகக் கழன்றுவிடும். சென்னை விமான நிலைய கவுன்ட்டரில் தட்டிப் பார்க்கும்போது ஒன்றும் வராது, போர்டிங் பாஸ் தரமாட்டார்கள். சில மலிவு விமானங்கள் தவிர, பணம் கட்டிய டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் உண்டு, அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிஎன்ஆரை முகவரின் செயலியில் போடாமல் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒருமுறை பணம் கொடுக்கும் முன், மறுமுறை கிளம்பும் அன்று காலை. மலிவு விமானமென்றால் பெட்டிக் கணக்கையும் அங்கேயே பார்த்துவிடலாம். பெரும்பாலானவற்றில் கைப்பை 7 கிலோதான். 45 லிட்டர் பையை நிரப்பினால் 10 கிலோவைத் தாண்டிவிடும். கவுன்ட்டரில் கட்டும் கூடுதல் கட்டணம் சில சமயம் டிக்கெட் விலையைத் தொடும்.

ஐரோப்பா போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ, இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். "பேங்க் ஸ்டேட்மென்ட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். போலிக் காகிதத்துக்காக நிராகரித்தால் அந்தப் பதிவு அவர்களுடைய விசாத் தரவுத்தளத்தில் ஐந்து வருடம் இருக்கும். முகவருக்கு ஒன்றும் ஆகாது, கைரேகை உங்களுடையது. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதியை "ஒருநாள் செர்பியா போய்த் திரும்பினால் புதிதாகத் தொடங்கும்" என்று விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சுத்தப் பொய். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே முத்திரைக்குப் பதில் முகமும் கைரேகையும் பதியும் முறை தொடங்கிவிட்டது. நாள் கணக்கைக் கணினியே போடும்.

இன்சூரன்ஸில் ஒரு வார்த்தையில் ஏமாற்றுவார்கள்: "ஆனுவல் மல்டி-ட்ரிப்". வருடம் முழுக்கப் பாதுகாப்பு என்று நம்பி வாங்குவீர்கள். ஒரு பயணம் 30, 45, 60 நாளைத் தாண்டக்கூடாது என்று உள்ளே எழுதியிருக்கும். ஆறு மாதம் போகிறவருக்கு முதல் இரண்டு மாதத்துக்குள் அது செத்துவிடும். நீண்ட ஒற்றைப் பயணத்துக்கான பாலிசி கேளுங்கள், பொதுவாக 180 நாள் வரை தருவார்கள். அதோடு இருசக்கர வாகன விபத்து, மலையேற்ற உயரம் என்கிற இரண்டு விலக்கையும் படியுங்கள்.

பைக் வாடகை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருட சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். அது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின் அனுமதியை. "இது எல்லா நாட்டிலும் செல்லும்" என்று சொல்லி உங்களை அனுப்புவார்கள். வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையில் விழுந்தால் போலீஸ் அபராதம் ஒரு பக்கம், செல்லாத லைசென்ஸ் என்று இன்சூரன்ஸ் மறுப்பது மறுபக்கம். அங்கே ஓட்டுநரோடு பின்னால் உட்கார்ந்து போங்கள். எந்த நாட்டிலும் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள், சக்கரத்தின் அடிப்பக்கம் உட்பட.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைச் சுற்றுவட்டாரத்தில் பணம் மாற்றும் கடைகள் நிறைய. வெளிநாட்டு நோயாளிகள் வருவதால் டாலர் புழங்கும் இடம், விலையும் பேசலாம். ஆனால் ரிசர்வ் வங்கி உரிமம் சுவரில் மாட்டியிருக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள், பில்லோடு. 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் வங்கி வழியாகத்தான் கட்ட முடியும். "ரொக்கமாகவே கொடுங்க, பில் வேணாம்" என்றால் அது சட்டத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரம். நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிழிசல், முத்திரை குத்தியது, பேனாக் கீறல், சிறிய தலை போட்ட பழைய 100 டாலர் எதையும் வாங்காதீர்கள். அமெரிக்காவில் அவை செல்லும். கம்போடியாவில் டீக்கடைக்காரர் கூடக் கிழிந்த டாலரைத் திருப்பிக் கொடுப்பார்.

வெளிநாட்டு ஏடிஎம்மில் திரையே உங்களை ஏமாற்றும். ரூபாயில் பிடிக்கவா என்று நட்பாகக் கேட்கும். 'வித்தவுட் கன்வர்ஷன்' என்பதை அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த விலைதான். தாய்லாந்தில் பெரும்பாலான ஏடிஎம்கள் ஒவ்வொரு முறைக்கும் 220 பாட்டுக்குக் குறையாமல் கட்டணம் பிடிக்கும். அதனால் சிறிது சிறிதாக எடுக்காதீர்கள். வியட்நாமில் 20,000 டாங், 500,000 டாங் இரண்டுமே நீல நோட்டு. டாக்ஸியில் வெளிச்சம் போடச் சொல்லி எண்ணிக் கொடுங்கள்.

ஷூ விஷயத்தில், தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கே இது தெரியும், மற்றவர்களுக்காக எழுதுகிறோம். "எக்ஸ்போர்ட் மிச்சம்" என்று பாதி விலைக்கு வரும் ட்ரெக்கிங் ஷூவில் தோல் நன்றாகவே இருக்கும். பிரச்சினை நடு சோலில். பாலியூரித்தேன் சோல் சில வருடம் கிடங்கில் கிடந்தாலே காற்றின் ஈரம் பட்டு உள்ளுக்குள் உதிர ஆரம்பிக்கும். கடையில் தெரியாது, நேபாளத்தில் மூன்றாம் நாள் பிஸ்கட் மாதிரி உடையும். நாக்குப் பகுதியின் லேபிளில் தயாரிப்பு மாதம் பாருங்கள், கட்டை விரலால் சோலை அழுத்துங்கள், வெடிப்போ மாவோ தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறோம். பயணத்தின் நடுவே பணம் தீரும்போது ஹாஸ்டலிலோ டெலிகிராமிலோ "டேட்டா என்ட்ரி வேலை, தங்குமிடம் இலவசம்" என்று வரும். பாங்காக்கிலிருந்து மே சொட் என்ற தாய்லாந்து எல்லை ஊர்ப் பக்கம் கார் அனுப்புவார்கள். அங்கே எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மோசடி முகாம்கள். 2025 மார்ச்சில் நூற்றுக்கணக்கான இந்தியர்களை விமானப்படை விமானத்தில் மீட்டு வர வேண்டியிருந்தது. எவ்வளவு சம்பளம் சொன்னாலும் அந்தக் காரில் ஏறாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்: இணையத்தில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' (கட்டிய பணத்தைத் திருப்பி எடுத்துத் தருவது) என்று எழுத்தில் கேளுங்கள். முகவர் டிசிஎஸ் (விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருந்தால், அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஏறாவிட்டால் அதுவே நல்ல ஆதாரம். சேவைக் குறைபாட்டுக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. துண்டுத்தாளில் தொகை எழுதித் தந்தார்களே, அதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.